பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம்: பிள்ளைகள் வீட்டில் எத்தனை மாதம், நம் வீட்டில் எத்தனை மாதம்?

குடந்தைக்காரன்
ஏப்ரல் 19, காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். நான் தபால் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 68. மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். ஆக, இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் இருந்த முதல் முழு வருஷம் போன சித்திரையில் தொடங்கி இந்தப் பங்குனியோடு முடிந்தது. அந்த வருஷத்தை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு கேள்வியும் இருக்கிறது, கடைசியில் கேட்கிறேன்.

மகள் கோயம்புத்தூரில், மகன் நியூஜெர்சியில். நாங்கள் கும்பகோணத்தில் சொந்த வீட்டில். பின்கட்டில் கிணறு, இரண்டு தென்னை, ஒரு நார்த்தை, ஒரு முல்லைப் பந்தல்.

மே மாதம் மகளின் பிள்ளைகள் இரண்டும் மூன்று வாரம் எங்களோடு இருந்தன. பெரியவன் இங்கேதான் சைக்கிள் கற்றுக்கொண்டான், மகாமகக் குளத்தைச் சுற்றி விடிகாலையில். சின்னவள் மொட்டை மாடியில் வடாம் காய்வதற்குக் காவல். ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறையில் காவேரிக்குப் படைத்துவிட்டு, அடுத்த வாரம் மகனிடம் கிளம்பினோம். அங்கே மருமகளுக்கு இரண்டாவது பிரசவம்.

அமெரிக்காவில் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் 6 மாதத்துக்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். விசா 10 வருஷத்துக்கு. மகன் 6 மாதமும் இருக்கச் சொன்னான். நாங்கள் 3 மாதத்தில் திரும்பிவிட்டோம். அதில் அவனுக்கு வருத்தம். இப்போது பேசும்போதுகூட அந்த வருத்தம் குரலில் தெரிகிறது.

நவம்பர் எனக்கு ஆயுள் சான்றிதழ் மாதம், பென்ஷன் நிற்காமல் வர உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். எங்கள் பழைய துறையின் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கி, 70 ரூபாயில் முடித்துக் கொடுத்துவிட்டார். அப்புறம் கார்த்திகை, மார்கழி வீட்டில். பொங்கலுக்கு மகள் குடும்பம் இங்கே வந்தது. தை கடைசியில் ராமேஸ்வரம் போய் மணல் எடுத்துவந்து, மாசியில் மேளா என்கிற நீராடல் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு பிரயாகையும் காசியும் போய், பங்குனியில் கங்கை தீர்த்தத்தோடு மறுபடி ராமேஸ்வரம். நடுநடுவே கோவைக்கு நாலு தடவை. மயிலாடுதுறை ஜன் சதாப்தியில் மதியம் சாப்பிட்டுவிட்டு ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு மகள் வீடு.

கணக்குப் பார்த்தால் வருஷத்தில் சுமார் 7 மாதம் சொந்த வீட்டில் படுத்திருக்கிறோம். எனக்கு அது சரியான அளவாகப் படுகிறது. மகனுக்கு அது அதிகம். மூன்று மாதம் போதாது, பேரன் முகம் பார்க்கப் பழகும்போது கிளம்பிவிட்டீர்கள் என்கிறான். உங்கள் வீடுகளில் எப்படி? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

---

டல்லாஸ் தமிழன்
ஏப்ரல் 19, இரவு 8:12

ஐயா, உங்கள் மகனின் இடத்திலிருந்து எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அம்மா அப்பா 6 மாதம் இருக்கச் சொல்வதில் சுயநலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டேகேர் செலவு வீட்டு வாடகை அளவுக்கு வருகிறது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. 3 மாதத்தில் முதல் மாதம் தூக்கம் சரியாவதிலும் ஜலதோஷத்திலும் போய்விடுகிறது. கடைசி மாதம் பெட்டி கட்டுவதில். நடுவில் ஒரே ஒரு மாதம்தான் அம்மா அப்பா நிஜமாக எங்களோடு இருப்பது. என் மகள் பாட்டியிடம் தமிழில் முழு வாக்கியம் பேசத் தொடங்கியது நாலாவது மாதத்தில். அடுத்த தடவை அவர்கள் வந்தபோது அவள் அதை மறந்திருந்தாள்.

உங்களுக்கு அங்கே என்ன கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

---

குடந்தைக்காரன்
ஏப்ரல் 20, காலை 5:55

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

மகனும் மருமகளும் எங்களைத் தாங்கினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நான் ஒரு பால் பாக்கெட் வாங்க வேண்டுமென்றாலும் யாராவது காரை எடுக்க வேண்டும். காலையில் நடக்கப் போனால் பேசுவதற்கு ஆள் கிடையாது. சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். அந்த ஒரு நாளுக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன். அங்கே ஒரு திருச்சிக்காரர் பழக்கமானார், அவரும் மகன் வீட்டுக்கு வந்தவர். கேன்டீனில் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவோம்.

இன்னொன்று உடம்பு. இரண்டாவது மாதம் கடைவாய்ப் பல்லில் வலி. புறப்படுமுன் எடுத்த பயணக் காப்பீட்டில் பல் வைத்தியம் சேராது என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் பத்திரத்தைப் படித்துப் பார்க்கவில்லை. மகன் கட்டிய தொகை என் இரண்டு மாதப் பென்ஷனுக்கு மேல். அவன் வாய் திறக்கவில்லை, ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே பல் டாக்டரையும் கண் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அந்தக் காப்பீடு என்ன செய்யும், என்ன செய்யாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளை மொத்தமாகக் கொண்டுபோங்கள், டாக்டர் சீட்டோடு. கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே அனுமதி இல்லை.

இவை சின்ன விஷயங்கள்தான். பெரிய காரணம் வீடு. அதை மனைவியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

---

நெல்லைச் சீமை
ஏப்ரல் 20, பகல் 11:30

நாங்கள் பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் மகன் ஃபிளாட்டுக்கு அடுத்த பிளாக்கிலேயே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டோம். 5 வருஷம் ஆகிறது. வீட்டைக் கட்டி அழுதுகொண்டிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. 70-க்கு மேல் ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலித்தால் கிணறும் தென்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாது. போன வருஷம் எனக்கு அது நடந்தது. மகன் 10 நிமிஷத்தில் காரில் ஏற்றினான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தினம் பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் கூரை வேறு, அடுப்பு வேறு. இதை என் வீட்டுக்காரிதான் பிடிவாதமாகச் சொன்னாள், அவள் சொன்னது சரி.

தாமிரபரணித் தண்ணீர் மட்டும் மனசில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, குற்றாலத்தில் சாரல் விழும்போது பொதிகை ரயிலில் ஏறிப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறோம்.

---

குடந்தைக்காரன்
ஏப்ரல் 20, மாலை 7:05

*(இதை எழுதுவது அவர் மனைவி. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.)*

நெல்லை அண்ணா எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் நலமாக இருப்பதில் சந்தோஷம். ராத்திரி 2 மணி பயம் எங்களுக்கும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு நான் பேச முடியாது.

நியூஜெர்சியிலிருந்து திரும்பிய அன்று வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். போகும்போது எல்லா ஏற்பாடும் செய்துவிட்டதாகத்தான் நினைத்தோம். கேஸ் மூடியாயிற்று, மெயினில் பாதியை அணைத்தாயிற்று, சாவி எதிர்வீட்டில். வந்து மோட்டாரைப் போட்டால் உறுமுகிறதே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. மூன்று மாதம் ஓடாமல் இறுகிவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் வற்றிக் கிடந்தது. என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் கரையான். பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம் வாங்கிய திருக்குறள் உரை, ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்த பிரதி. தூக்கினால் அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே மண்.

ஆனால் வாசலில் கோலம் இருந்தது. பூ கட்டி விற்கும் செல்விக்கு (பேரை மாற்றியிருக்கிறேன்) மாதம் 1,500 ரூபாய் கொடுத்து, காலையில் தெளித்துக் கோலம் போடவும் சாயங்காலம் மாடத்தில் விளக்கேற்றவும் சொல்லியிருந்தேன். ஒருநாள்கூட அவள் விடவில்லை என்று தெருவே சொன்னது. ஆட்டோவிலிருந்து இறங்கி அந்தக் கோலத்தைப் பார்த்ததும், மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது.

டல்லாஸ் தம்பி, உங்கள் மகள் தமிழை மறந்தது எனக்கும் வலிக்கிறது. தினம் வீடியோவில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நியூஜெர்சியில் இருக்கும் பேத்திக்கு அப்படித்தான் செய்கிறேன். சும்மா 'சாப்பிட்டியா' என்று கேட்டால் இரண்டு நாளில் குழந்தைக்குச் சலித்துவிடும். நான் கிணற்றடிக்குப் போனைக் கொண்டுபோய், என்ன பூத்திருக்கிறது, எந்தப் பூனை வந்தது என்று காட்டிக்கொண்டே பேசுவேன். இப்போது அவளே 'பாட்டி, நார்த்தங்காய் விழுந்துச்சா' என்று கேட்கிறாள். இந்த வீடு திறந்திருப்பதால்தான் அவளிடம் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது. மூன்று மாதத்தில் திரும்பியதற்கு என் காரணம் இதுதான். அவளுக்குக் காட்ட ஒரு ஊர் வேண்டும்.

---

ஸ்கார்பரோ பிள்ளை
ஏப்ரல் 21, அதிகாலை 4:20

அம்மா எழுதினதை வாசித்தவுடன் என்னுடைய அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோவில். அம்மா அப்பாவைச் சூப்பர் விசாவில் (பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற விசா) எடுத்தோம். 2022-க்குப் பிறகு ஒரு தரம் வந்தால் 5 வருஷம் வரைக்கும் நிற்கலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும், வயசானவர்களுக்கு அது லேசான காசு இல்லை.

முதல் கோடை நல்லாய்ப் போனது. அப்பா பின்வளவில் பாகலும் பயிற்றங்காயும் போட்டார். பனி தொடங்கினவுடன் அம்மா யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பின்னேரம் முழுக்க அதிலேயே இருந்தா. வருத்தம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஊரில் வீட்டைப் பார்க்க ஆள் இருக்குதோ என்று மட்டும் கேட்பா. இப்ப வைகாசியில் வந்து ஐப்பசியில் திரும்புகிறார்கள். விசா 5 வருஷம் தந்தாலும் நாங்கள் எடுக்கிறது 5 மாதம்தான்.

---

மயிலை வாசகி
ஏப்ரல் 21, காலை 9:48

குடந்தை அம்மா, காசி யாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா? நானும் என் கணவரும் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டோம். பேத்தி பரீட்சை, கிருஹப்பிரவேசம், முழங்கால் ஆபரேஷன் என்று ஏதாவது ஒன்று வரும். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் தங்கையோடு போகப் போகிறேன். இன்னும் இருவராக இருப்பவர்கள், பிள்ளைகள் வீட்டுக் கணக்கைப் போடுமுன் உங்கள் இருவருக்கான நாட்களை முதலில் காலண்டரில் குறித்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

---

குடந்தைக்காரன்
ஏப்ரல் 21, இரவு 9:15

*(மறுபடி நான்தான், அவர் மனைவி.)*

அம்மா, உங்களுக்காகவே எழுதுகிறேன். தங்கையோடு தைரியமாகப் போய்வாருங்கள்.

டிக்கெட் விஷயம் முதலில். இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கும். முன்பிருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போயிற்று. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020-லிருந்து கிடையாது, ஆனால் கீழ்ப் படுக்கைக்கு ஒதுக்கீடு இருக்கிறது, அந்தக் கோட்டாவில் பாருங்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் அது கிடைக்காது. நாங்கள் சென்ட்ரலில் கங்கா காவேரி ஏறினோம். இரண்டு இரவு ரயிலில். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாளோடு தீர்ந்துவிட்டன, அப்புறம் அவல்.

பிரயாக்ராஜ் சியோக்கியில் இறங்கினோம். ராமேஸ்வரத்து மணலைத் திரிவேணியில் கரைக்க வேண்டும் என்பதால் காசிக்கு முன்னால் பிரயாகை. படகில் போனால், ஒரு இடத்தில் தண்ணீரின் நிறம் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது, கங்கை ஒரு நிறம், யமுனை கொஞ்சம் பச்சை. அங்கே வேணி தானம் செய்தோம். கரையில் என்னை அவர் மடியில் உட்காரச் சொன்னார்கள். ஒரு சீப்பையும் குங்குமத்தையும் அவர் கையில் கொடுத்து, தலையை வாரிப் பின்னச் சொன்னார்கள். கல்யாணமாகி 41 வருஷம், அவர் என் தலையை வாரியது அன்றுதான் முதல். தபால் கட்டுக்கு முடிச்சுப் போட்ட கை. மூன்று புரியையும் ஒவ்வொன்றாக எடுத்து, வலிக்குமோ என்று நிறுத்தி நிறுத்திப் பின்னினார். நுனியில் இரண்டு விரற்கடை வெட்டி, அதைப் படகில் கொண்டுபோய் விட்டோம். தலைமுடி மிதக்காமல் உள்ளே போகும் என்று சொல்வார்கள். எங்கள் கண்முன்னே அது போயிற்று. திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

காசியில் ஐந்து நாள். படித்துறைகளில் இறங்கி ஏறுவது முழங்காலுக்குக் கடினம். விஸ்வநாதர் தரிசனத்துக்குக் காலை 4 மணிக்கே போய்விடுங்கள். அனுமான் காட் படித்துறையில் பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த வீடு இருக்கிறது. அங்கே ஓர் அறையைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் நினைவில்லமாகத் திறந்தது. வகுப்பில் எத்தனை வருஷம் அவரைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அந்த அறைக்குள் நின்றபோது என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தார்கள். கேதார் காட் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடத்துக்கும் போனோம். அந்தப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும், வழி கேட்கக் கவலை வேண்டாம்.

காசியில் ஒரு காயும் ஒரு பழமும் இனிச் சாப்பிடுவதில்லை என்று விட வேண்டும் அல்லவா. அவர் சீத்தாப்பழத்தை விட்டார், அவருக்கு உயிர். நான் கொத்தவரங்காயை விட்டேன்.

திரும்பி ராமேஸ்வரத்துக்கு ரயிலிலேயே போனோம். பழைய பாம்பன் பாலம் 1914-ல் கட்டியது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் மறுபடி ரயில் தீவுக்குள் போகிறது. பாலத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தது. கடல் இரு பக்கமும். சொம்பில் கங்கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடுவது என்றால் பிராகாரக் கல் முழுக்க ஈரமாக இருக்கும். செருப்பில்லாத ஈரக்காலோடு நடக்க வேண்டும். தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்துகிறவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகப் போங்கள்.

---

நெல்லைச் சீமை
ஏப்ரல் 22, காலை 7:20

அம்மா, படித்துவிட்டு என் வீட்டுக்காரியிடமும் காட்டினேன். கேட்டுவிட்டு சீப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

ஒரு சந்தேகம். இந்தப் போக்குவரத்துச் செலவெல்லாம் யார் ஏற்கிறார்கள்? பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சங்கடம்.

---

குடந்தைக்காரன்
ஏப்ரல் 22, மாலை 6:30

சார், விமான டிக்கெட் மகன் எடுத்தான். அதில் மட்டும் நாங்கள் தடுக்கவில்லை. மற்றதெல்லாம் எங்கள் காசு. ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அந்த வட்டிதான் எங்கள் பயணப் பணம். வட்டி வருகிற மாதத்தில் ரயில் டிக்கெட் போடுவோம், வராத மாதத்தில் வீட்டில் இருப்போம். மாதப் பென்ஷனைப் பயணத்துக்குத் தொடுவதில்லை.

ராத்திரி 2 மணி விஷயத்தை நீங்கள் சொன்ன பிறகு இரண்டு நாளாக யோசித்து ஒன்று செய்திருக்கிறோம். தெருவில் மூன்று வீட்டுக்கு எங்கள் மருந்துப் பட்டியலும் டாக்டர் நம்பரும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று. பின்பக்கக் கதவுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் எப்போதும் இருக்கும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டோம். உங்களுக்கு 10 நிமிஷம் என்றால் எங்களுக்கு 20 ஆகலாம். இப்போதைக்கு அதோடு இருக்கிறோம்.

மோட்டார் பற்றித் தனிச்செய்தியில் சிலர் கேட்டீர்கள். வெளியூர் போனால் வாரம் ஒருமுறை 5 நிமிஷம் ஓடவிடச் சொல்லி யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஐப்பசிக்கு முன் மொட்டை மாடித் தண்ணீர் போகும் ஓட்டையில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

---

டல்லாஸ் தமிழன்
ஏப்ரல் 23, இரவு 10:02

அம்மா, நேற்று என் அம்மாவிடம் போனைக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தேவகோட்டையில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தைக் காட்டினார். என் மகள் 20 நிமிஷம் நகரவில்லை. 'அது என்ன புழு' என்று தமிழிலேயே கேட்டாள். டிசம்பரில் நாங்களே ஊருக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம்.

---

குடந்தைக்காரன்
ஏப்ரல் 24, காலை 6:10

தம்பி, ரொம்ப சந்தோஷம். டிசம்பர் நல்ல மாதம், ஊர் பச்சையாக இருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு செய்தி. இந்த இழையை மகனுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி கூப்பிட்டான். அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தானாம். இந்த வருஷம் நாங்கள் அங்கே 3 மாதம் போவது அப்படியே இருக்கட்டும், ஆனால் வைகாசியில் அவர்கள் நாலு பேரும் ஆறு வாரம் இங்கே வருகிறார்கள். மருமகள் பாதி நாள் இங்கிருந்தே வேலை பார்ப்பாளாம். 2028 மகாமகத்துக்கும் இப்போதே லீவு கேட்டு வைக்கப் போவதாகச் சொன்னான். 2016 மகாமகத்துக்கு அவனால் வர முடியவில்லை, அது அவன் மனசில் இருந்திருக்கிறது.

சின்னப் பேரன் அதற்குள் தவழ்ந்து நிற்கப் பழகியிருப்பான். அதனால் கிணற்றுக்குக் கம்பி மூடி போட வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் நேற்று வந்து அளவெடுத்தார், குறுக்களவு நாலரை அடி. வாளி இறங்க நடுவில் ஒரு சின்னக் கதவும் வைக்கச் சொல்லியிருக்கிறாள் மனைவி, பேத்தி தண்ணீர் இறைக்க வேண்டுமாம். வியாழக்கிழமை கொண்டுவந்து பொருத்துகிறார்.